போட் ஹீற்றர் மாத்த முதல் அளவு நாடாவை எடுங்கோ

யாழ்ப்பாண வெக்கைக்குச் சுடுதண்ணி ஆருக்கு எண்டு கேக்கிற ஆக்கள் மார்கழி வாடைக்க ஒரு இராத்திரி கடலில நனைஞ்சு பார்க்கேல்லை. கப்பல் எஞ்சின் அறையிலயே அரைவாசி ஆயுள் போக்கிட்டு வல்வெட்டித்துறைக்குத் திரும்பின எனக்கு, போன வருசம் தங்கச்சியின்ர மகன் ஒரு வேலை தந்தவன். அமெரிக்காவில கட்டின பழைய பாய்ப்படகு, காரைநகரில கரையேத்தி நிண்டது. அதின்ர சுடுதண்ணி ஹீற்றர் அடியால ஒழுகுது.

கழட்டினன். உள்ளுக்க மக்னீசிய அனோட் கம்பி ஒண்டு இருக்கவேணும். தாங்கியை அரிக்கிறதுக்குப் பதிலா அது கரையும். கரைஞ்சு முடிஞ்சு நடு நரம்பு மட்டும் மிச்சம். மின் கொயிலில வெள்ளைச் சுண்ணாம்பு, கேத்திலுக்க படியிற மாதிரி, ஆனா விரல் மொத்தத்துக்கு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாற கிணத்துத் தண்ணியைத்தானே நிரப்பியிருக்கினம். அதால புதுசு வாங்கேக்க நான் முதல் பார்க்கிறது, கொயிலையும் அனோட்டையும் தாங்கியை அசைக்காமல் வெளியில இழுக்க ஏலுமோ எண்டுதான். கம்பி நீளத்துக்கு முன்னால இடமும் விடவேணும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டினம்.

அடுத்தது வாசல். பழைய ஹீற்றரை வைச்சாப் பிறகுதான் மேல்தட்டை மூடியிருப்பினம். புதுசின்ர அகலத்தை மட்டும் பார்த்து வாங்கினால் படிக்கட்டுக்கால இறங்காது. எங்களுக்குக் கால் அங்குலம் இடிச்சது. மரச்சட்டத்தைச் சீவித்தான் இறக்கினது.

கரன்ற். அமெரிக்க ஹீற்றர் 120 வோல்ற்றுக்குச் செய்தது. 1500 வாற் கொயிலை எங்கட 230 வோல்ற்றில செருகினால் ஏறக்குறைய 5500 வாற் இழுத்துக் கருகிப் போகும். 230 வோல்ற் கொயில் எண்டு கேட்டு வாங்குங்கோ. 12 வோல்ற் பற்றரியில இன்வேட்டர் போட்டு ஓட்டுவம் எண்டு மருமோன் சொன்னான். 1500 வாற்றுக்கு 125 அம்பியருக்கு மேல வேணும் எண்டன், பேச்சில்லை.

சூட்டை எஞ்சின்தான் சும்மா தரும். எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி தாங்கிக்குள்ள இருக்கிற சுருள் குழாய்க்கால ஓடுற மாதிரி ஹீற்றர் எடுங்கோ. உங்கட எஞ்சினுக்குள்ள கடல்தண்ணியே நேரா ஓடுதெண்டால் சுருள் செம்பு-நிக்கல் கலவையா இருக்கவேணும். ஹீற்றரை எஞ்சினில குளிராக்கிற தண்ணி ஊத்திற பாத்திரத்துக்குக் கீழ வையுங்கோ, மேல வைச்சால் காத்து அடைச்சு சூடே வராது. அலுமினியத் தாங்கியில குழாய் பொருத்திற பித்தளை நிப்பிளை நேரா முறுக்கினால் கெதியா அரிச்சுப் போகும். எங்களுக்கு ஸ்ரெயின்லெஸ்தான் சரி எண்டு பட்டது.

அளவுக்கு அதிகம் யோசிக்காதேங்கோ. இஞ்ச தண்ணி ஏற்கெனவே 28 பாகை. 20 லீற்றரை 60 பாகைக்கு ஏத்த 1500 வாற்றுக்கு அரை மணித்தியாலம் காணும், பச்சைத்தண்ணி கலந்தால் இரண்டு பேர் குளிக்கலாம். மூடின அறைக்க காஸ் ஹீற்றர் மட்டும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

எஞ்சின் சூட்டில தண்ணி 80 பாகைக்கும் போகும். சூடும் பச்சையும் தானாக் கலக்கிற வால்வு கட்டாயம். "அது பிறகு போடலாம் மாமா" எண்டவன், கடலில இறக்கின முதல் நாள் குளிக்கப் போய்ப் போட்ட சத்தம் கரையில நிண்ட எனக்கே கேட்டது. அடுத்த நாள் விடிய வால்வோட வந்து நிண்டான்.