படித்தால் புரிகிறது, கேட்டால் போச்சு: ஸ்பானிஷ் இடைநிலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் ஒரே வகை ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பி1, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் இடைநிலையின் முதல் படி, முடித்திருப்பார்கள். வினைச்சொல் அட்டவணை தலைகீழாகத் தெரியும். செய்திக் கட்டுரையைக் கொடுத்தால் அகராதியைத் தொடாமல் முக்கால்வாசி படித்துவிடுவார்கள். ஆனால் ஒரு மெக்சிகோக்காரர் போனில் நாலு வாக்கியம் பேசினால் முகம் வெளிறிவிடும். "அவங்க ரொம்ப வேகமா பேசுறாங்க" என்பது வழக்கமான புகார். வேகம் உண்மைதான். 2011-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஸ்பானிஷ் நொடிக்குச் சுமார் 7.8 அசை, ஆங்கிலம் 6.2 அசை என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் இவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு.

தினமும் பயிற்சி செய்யவில்லை, இலக்கணம் மறந்துவிட்டது, கூச்சம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன். உழைப்பவர்களே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன (என் பழைய கணக்கிலும் இவை உண்டு), அவற்றைத்தான் எழுதுகிறேன்.

சப்டைட்டிலைப் படித்துவிட்டு 'கேட்டேன்' என்பது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

வாரத்தில் எவ்வளவு நேரம் ஸ்பானிஷ் கேட்கிறீர்கள் என்று கேட்டால் பதில் பெருமையாக வரும்: தினமும் இரண்டு எபிசோட். எப்படிப் பார்க்கிறீர்கள்? ஆங்கில சப்டைட்டிலோடு. அது ஆங்கில வாசிப்பு. பக்கத்தில் யாரோ ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கதை புரிந்துவிடுவதால் மொழியும் புரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும், அந்த மயக்கத்திலேயே ஒன்றிரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும் ஒரு பெண் வகுப்புக்கு வந்தார். ஸ்பெயினில் எடுத்த ஒரு கொள்ளைத் தொடரை எல்லா சீசனும் பார்த்தவர், சிலதை இரண்டு தடவை. லேப்டாப் திரையின் அடிப்பகுதியில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து ஒட்டிவிட்டு, அவர் ஏற்கெனவே பார்த்த காட்சியையே ஓடவிட்டேன். பெயர்கள் பிடிபட்டன. ஒரு 'சீ', ஒரு 'நோ', அப்புறம் கெட்ட வார்த்தைகள் எல்லாம் துல்லியமாக. மற்றதெல்லாம் இரைச்சல். பிறகு அதே வசனத்தை எழுத்தில் கொடுத்தேன். அரைப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இடைநிலையின் சிக்கல் முழுக்க இந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. சொல் தெரியும், ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து எப்படி வரும் என்று காதுக்குத் தெரியாது. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விட்டிருக்கும், பேச்சில் அந்த இடம் கிடையாது. ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் முதல் உயிரோடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த புணர்ச்சிதான். 'லோஸ் ஓத்ரோஸ்' என்பது 'லோ-சோ-த்ரோஸ்' என்று வரும். ஒரே உயிர் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கரைந்துவிடும்: 'பாஸ் அ அசேர்' என்று மூன்று சொல்லாகப் படித்தது 'பாசசேர்' என்று ஒரே மூச்சில் போய்விடும். 'பாரா' என்பது 'பா' ஆகிவிடும். ஸ்பெயினில் 'கன்சாதோ' சாதாரணப் பேச்சில் 'கன்சாவோ'. திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால் வெட்டிப் பிரிக்கும் வேலையைக் கண் செய்துவிடும். காது அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது.

சரி, ஸ்பானிஷ் சப்டைட்டிலே போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கொஞ்சம் தேவலாம், ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. பிடித்த கொரியத் தொடரையோ ஹாலிவுட் படத்தையோ ஸ்பானிஷ் டப்பிங்கில் போட்டு, கூடவே ஸ்பானிஷ் சப்டைட்டிலையும் வைப்பார்கள். டப்பிங் எழுதுபவர் வாயசைவுக்குப் பொருத்தி எழுதுகிறார். சப்டைட்டில் எழுதுபவர் வரி நீளத்தையும் படிக்க ஆகும் நேரத்தையும் பார்த்து எழுதுகிறார். இரண்டும் தனித்தனி மொழிபெயர்ப்பு, பல இடங்களில் ஒத்துப்போகாது. இப்படி மாதக்கணக்கில் பார்த்த ஒரு பையன், காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறு வேறாக இருப்பதால் தன் காதில்தான் கோளாறு என்றே முடிவு கட்டியிருந்தான். அவன் காது சரியாகத்தான் வேலை செய்தது! ஸ்பானிஷிலேயே எடுத்த தொடராகப் பாருங்கள், சப்டைட்டில் பட்டியலில் 'சிசி' என்று போட்டிருப்பதை எடுங்கள். அது காது கேளாதோருக்காகச் செய்வது, பெரும்பாலும் பேசியதை ஒட்டியே இருக்கும்.

பிறகு என்ன செய்ய? ஒரு எபிசோடில் நாற்பது நொடி போதும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் இடமாக எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கிச் சண்டை வேண்டாம். தாளை ஒட்டிவிட்டு மூன்று தடவை கேளுங்கள். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே கிறுக்குங்கள், சொல் பிரியாவிட்டாலும் 'பாசசேர்' என்றே எழுதுங்கள். அப்புறம் தாளை எடுத்துவிட்டு சப்டைட்டிலோடு ஒப்பிட்டு, தவறவிட்டதை இரண்டாகப் பிரியுங்கள்: சொல்லே தெரியாதது ஒரு பக்கம், தெரிந்தும் காதில் விழாதது இன்னொரு பக்கம். பி1 முடித்தவர்களுக்கு இரண்டாவது பக்கம்தான் எப்போதும் நீளமாக இருக்கும். அந்த வரிகளை மட்டும் நடிகரின் மூச்சோடு சேர்ந்து, அவர் ஒட்டுகிற இடத்தில் ஒட்டி, விழுங்குகிற இடத்தில் விழுங்கிச் சொல்லிப் பாருங்கள். கோபக் காட்சி என்றால் கோபத்தோடு. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மீதி எபிசோடை எந்த சப்டைட்டிலில் வேண்டுமானாலும் பார்த்து ரசியுங்கள், ஆனால் 'கேட்ட நேரம்' என்று கணக்கில் எழுதாதீர்கள்.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது

மாட்டிக்கொண்ட ஒரு வரிக்குச் செய்யலாம். முழு எபிசோடுக்கும் வேண்டாம், நிஜ மனிதர்களிடம் அந்தப் பொத்தான் கிடையாது.

மாணவர்களுக்கென்று பேசும் ஸ்பானிஷிலேயே தங்கிவிடுவது

ட்ரீமிங் ஸ்பானிஷ் வீடியோக்கள் அருமையானவை. தொடக்கத்துக்கு அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. சிக்கல் என்னவென்றால், அங்கே எல்லாம் புரிகிறது என்ற சுகத்தில் பலர் குடியேறிவிடுகிறார்கள். ஆசிரியர் உங்களுக்காகப் பேசுகிறார், தெருவில் போகிறவர் உங்களுக்காகப் பேசமாட்டார். எண்பது சதவீதம் புரிய ஆரம்பித்ததும் ஒரு படி ஏறிவிட வேண்டும். அடுத்த படி ஈஸி ஸ்பானிஷ் போன்ற தெருப் பேட்டிகள். ஆளுக்கு ஆள் குரல் மாறும், பாதியில் நிறுத்துவார்கள், திருத்திக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அதில் இரண்டு மொழி சப்டைட்டிலும் படத்தோடு பதிந்தே வரும், ஆகவே அங்கேயும் அந்தத் தாள் வேண்டும்.

அதற்கும் மேலே ரேடியோ அம்புலாந்தே. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளிலிருந்து உண்மைக் கதைகளைச் சொல்லும் பாட்காஸ்ட். பெருவில் பிறந்த எழுத்தாளர் தானியேல் அலார்கோன் நடத்துகிறார். எபிசோடுகளுக்கு எழுத்து வடிவமும் அவர்கள் தளத்தில் கிடைக்கும். அதை முதலில் படித்துவிட்டுக் கேட்கிற புத்திசாலிகள் உண்டு. தேர்வுத்தாளை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கேட்ட பிறகு படியுங்கள்.

'நல்லது' என்பதற்காகப் பிடிக்காததைக் கேட்பது

காலையில் ஸ்பானிஷ் செய்தி கேட்கிறேன் என்று தொடங்குகிறவர்கள் ஒரு மாதம் தாண்டுவது அபூர்வம். தமிழில் செய்தியே பார்க்காத ஆள் ஸ்பெயின் நாடாளுமன்றச் சண்டையை எதற்காகக் கேட்கவேண்டும்?

நீங்கள் ஏற்கெனவே நேரம் தொலைக்கும் விஷயத்தை ஸ்பானிஷில் தொலையுங்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் பார்க்கிறவராக இருந்தால் மெக்சிகோவில் மிச்சோவாகானைச் சேர்ந்த தோன்யா ஆன்ஹெலா இருக்கிறார். 'தெ மி ராஞ்சோ அ து கொசீனா' என்ற யூடியூப் சேனலில் விறகடுப்பில் சமைத்தபடி பேசுகிற பாட்டி. நறுக்குவது, வதக்குவது, உப்புப் போடுவது எல்லாம் கையில் நடக்கும்போதே வாயிலும் வரும், அதே சொற்கள் அடுத்த வீடியோவிலும் வரும். கண் உதவி செய்கிறது, ஆனால் எழுத்து உதவி செய்வதில்லை. நமக்கு வேண்டியது இதுதான். கால்பந்துப் பைத்தியம் என்றால் ஸ்பெயின் வானொலியின் நேரடி வர்ணனை. முதலில் மூச்சு முட்டும், ஆனால் வீரர்கள் பெயர் தெரியும், ஸ்கோர் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்று மனம் ஊகித்துக்கொண்டே இருக்கும். அந்த ஊகம்தான் கேட்கும் திறனில் பாதி.

ரெகேட்டோனில் காதைப் பழக்குவது

ரெகேட்டோன் போர்ட்டோ ரிக்கோவில் வேர்விட்ட நடனப் பாட்டு. அந்த ஊர்ப் பேச்சில் அசை முடிவில் வரும் 'ஸ்' மறைந்துவிடும், 'ர்' பல வாயில் 'ல்' ஆகிவிடும், மேலே குரலை மாற்றும் ஆட்டோட்யூன் வேறு. ஆடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வழியாக வாயைத் திறப்பது

தமிழ்க்காரர்களிடம் இதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஸ்பானிஷின் 'த' நம்முடைய த, நாக்கு பல்லைத் தொடவேண்டும். அதிலும் டி (d) எழுத்துக்குரிய ஒலி இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் 'அது' என்பதில் மென்மையாவதைப் போலவே 'நாதா'விலும் மென்மையாகும். 'அமீகோ'வின் க-வும் அப்படித்தான். ஐந்து உயிரொலியும் நம்மிடம் இருக்கின்றன. சும்மா தமிழ் வாயோடு பேசினாலே பாதி உச்சரிப்பு தானாக வந்துவிடும். ஆனால் பள்ளியில் பழகிய ஆங்கிலத்தைக் கொண்டுவந்து 'டோண்டே', 'டியெம்போ', 'வாமோஸ்' என்கிறார்கள். தோந்தெ, தியெம்போ, பாமோஸ். வ என்ற ஒலியே அங்கே தனியாக இல்லை. இது உச்சரிப்போடு நிற்கும் தவறு இல்லை. வாய் 'டோண்டே' என்று பழகியிருந்தால் காதும் 'டோண்டே'வுக்காகக் காத்திருக்கும், நிஜமான 'தோந்தெ' வந்தது தெரியாமல் போய்விடும்.

தமிழ் கைகொடுக்காத இடம் அழுத்தம். நம் பேச்சில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்பானிஷில் 'அப்லோ' என்பதன் முதல் அசையை அழுத்தினால் நான் பேசுகிறேன், கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார். ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்தால் இதை விளையாட்டாக்கலாம்: ஒருவர் இப்படிப்பட்ட வினைகளைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர் 'நான்' என்றால் தன் நெஞ்சைத் தொடவேண்டும், 'அவர்' என்றால் கதவைக் காட்டவேண்டும். பத்து நிமிடத்தில் காது விழித்துக்கொள்ளும்.

ஒரே அறிமுகத்தை ஊரெல்லாம் சொல்வது

ஹலோடாக், டேண்டம் போன்ற செயலிகளில் பேசிப் பழக ஆள் கிடைப்பது சுலபம். கிடைத்த ஆளிடம் பெயர், ஊர், வேலை, உங்கள் ஊரில் சாப்பாடு காரமா, நீங்கள் யோகா செய்வீர்களா. இருபது நிமிடம் போனது. அடுத்த வாரம் வேறு ஆள், அதே இருபது நிமிடம். இப்படியே ஒரு வருடம் ஓட்டியவர்கள் அந்த இருபது நிமிடத்தில் மட்டும் அசத்துவார்கள், இருபத்தோராம் நிமிடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

ஒத்துப்போகிற ஒன்றிரண்டு பேரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் கையில் ஒரு விஷயத்தோடு போங்கள்: பார்த்த படத்தின் கதை, வீட்டுக்கார அம்மாவோடு நடந்த தகராறு, ஒரு பழைய புகைப்படம், இல்லாவிட்டால் ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் அதை விளக்கிக் கண்டுபிடிக்க வைக்கும் விளையாட்டு. மொழி வகுப்புகளில் ஒரு பழைய உத்தி உண்டு: ஒரே கதையை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில், இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வது. ஆள் இல்லாவிட்டால் போனில் பதிவு செய்துகொள்ளலாம். மூன்றாம் தடவை தேவையில்லாத திணறல் உதிர்ந்துவிடுவது உங்களுக்கே கேட்கும். திணறும் இடத்தில் நாம் 'வந்து…' என்று இழுப்பதற்குப் பதில் 'அ பேர்', 'புவேஸ்', 'ஓ சேயா' என்று இழுத்துப் பழகுங்கள். மெக்சிகோக்காரர் என்றால் 'எஸ்தே'. எதிராளி காத்திருப்பார், ஆங்கிலத்துக்கு மாறமாட்டார்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குக் காலை 7.30 என்றால் மெக்சிகோ சிட்டியில் முந்தைய நாள் இரவு 8, பொகொட்டாவில் 9. இரண்டு பக்கமும் வசதி. ஸ்பெயின்காரர் வேலை முடித்து மாலை 7 மணிக்கு உட்கார்ந்தால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. தூக்கக் கலக்கத்தில் எந்த மொழியும் வராது.

எல்லா நாட்டு ஸ்பானிஷையும் ஒரே நேரத்தில்

திங்கள்கிழமை மத்ரித், செவ்வாய்க்கிழமை புவெனோஸ் ஐரெஸ், புதன்கிழமை சிலி. 'யோ' (நான்) என்பது புவெனோஸ் ஐரெஸில் 'ஷோ' ஆகிவிடும், சிலியில் 'ஸ்' காற்றாகிவிடும், மத்ரித்தில் வருகிற 'போசோத்ரோஸ்' (நீங்கள் எல்லாரும்) லத்தீன் அமெரிக்காவில் யார் வாயிலும் வராது. ஒன்றில் காது நிலைக்கும்வரை மற்றதைத் தள்ளிவையுங்கள். வேலையோ உறவோ எந்த நாட்டோடு என்று பார்த்து எடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் மெக்சிகோ சிட்டியோ பொகொட்டாவோ எடுங்கள், மெய்யெழுத்துகளை விழுங்காத ஊர்கள். 'நார்கோஸ்' தொடரைப் பார்த்துக் கொலம்பிய உச்சரிப்பு பழகினேன் என்று ஒருவர் சொன்னார். அதில் கொலம்பியப் போதைப்பொருள் கடத்தல்காரர் எஸ்கோபாராக நடித்த வாக்னர் மோரா பிரேசில்காரர், அந்தப் பாத்திரத்துக்காக ஸ்பானிஷ் கற்றவர். கொலம்பியர்களே அந்த உச்சரிப்பைக் கிண்டல் செய்தார்கள்.

ஃப்ளாஷ்கார்டு

கண்ணுக்கு நல்லது.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காதை நினைப்பது

ஸ்பெயின் அரசின் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் ஸ்பானிஷ் சான்றிதழுக்காக நடத்தும் டெலே தேர்வில் பி1, பி2 நிலைகளில் கேட்பதும் பேசுவதும் ஒரே தொகுதி, வாசிப்பதும் எழுதுவதும் இன்னொரு தொகுதி. தொகுதிக்கு 50 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 வேண்டும். வாசிப்புத் தொகுதியில் 48 வாங்கி கேட்கும்-பேசும் தொகுதியில் 28 வாங்கினால் சான்றிதழ் கிடையாது, மொத்தம் 76 என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.