ஓட்ஸ் குக்கீஸ் ஏன் மொறுமொறுப்பாக வருவதில்லை?

ஓட்ஸ் குக்கீஸ் மெல்லிசாக இருக்க வேண்டும், கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். வீட்டில் செய்தால் பல பேருக்குக் குண்டாக, நடுவில் மெத்தென்று வருகிறது. உடனே ஓவனைக் குறை சொல்லாதீர்கள், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

உடம்புக்கு நல்லது என்று வெள்ளைச் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை மட்டும் போடுகிறோம், அதுவோ ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் மெதுமெதுவென்றுதான் இருக்கும். இனிப்பைப் பாதியாகக் குறைப்பதும் தவறு. சூட்டில் உருகி மாவைப் பரவ விடுவதும் சர்க்கரைதான், ஆறும்போது இறுகி மொறுமொறுப்பு தருவதும் அதுதான். என் கணக்கு இது: வெண்ணெய் 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100, வாசனைக்கு நாட்டுச் சர்க்கரை 25, மைதா 75, ஓட்ஸ் 100, ஒரு மஞ்சள் கரு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு. கடைச் சர்க்கரை பெரிய பரலாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள், போதும்.

மைதாவுக்குப் பதில் அதே அளவு கோதுமை மாவு போட்டால் அது ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், குக்கீ பரவாது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர்த்தண்ணீர் நிற்கும், இதற்குக் கடை வெண்ணெயே நல்லது, உப்பில்லாததாக வாங்குங்கள். ஓட்ஸ் அவல் மாதிரி தட்டையானதாக இருக்கட்டும்.

வெயில் காலத்தில் வெண்ணெய் வெளியே வைத்த கொஞ்ச நேரத்திலேயே எண்ணெயாகிவிடும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கக் கூடாது, அந்தப் பதத்தில் சர்க்கரையோடு அடியுங்கள். மைதா போட்ட பிறகு அடிக்கவே வேண்டாம், கரண்டியால் கலந்தால் போதும்.

நெல்லிக்காய் அளவு உருட்டி, இரண்டு அங்குல இடைவெளி விட்டு, டம்ளரின் அடியைத் தண்ணீரில் தொட்டு அழுத்துங்கள். தட்டில் நெய் தடவாதீர்கள், கண்டபடி ஓடிவிடும், பட்டர் பேப்பர் போடுங்கள்.

முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 170 டிகிரி, 13 முதல் 16 நிமிடம். ஓரம் சிவந்ததும் பயந்து எடுத்துவிடுகிறோமே, மொறுமொறுப்பு போவது பெரும்பாலும் அங்கேதான். நடுவில் வெளிறி இருந்தால் அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. மேலே கொதிக்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் அடங்கி, ஓரமும் நடுவும் ஒரே பொன்னிறத்துக்கு வரும்வரை விடுங்கள். எடுக்கும்போது தொட்டால் வளையும், சரி, வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைத்தால் கருகிவிடும். தட்டிலேயே ஐந்து நிமிடம், அப்புறம் கம்பி வலையில் முழுக்க ஆற விடுங்கள்.

வெதுவெதுப்போடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து எல்லாம் நமுத்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் அரை மணி நேரம் திறந்து வைத்தாலே போச்சு. நமுத்தவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆற வைத்தால் பழையபடி உடையும்.