ஜப்பானிய ஆசானைச் சிலம்பக்கூடத்துக்கு அழைக்கும் முன்

ஜப்பானில் பிறந்து, வாள்வித்தையிலோ கோல்வித்தையிலோ ஆசான் நிலையை எட்டி, கலை வரலாற்றையும் முறையாகக் கற்று, இப்போது வேறொரு நாட்டில் வாழ்ந்துவரும் ஒருவர் மதுரைக்கு வர இசைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம் கூடங்கள் இத்தகைய விருந்தினருக்கு வழக்கமாக வகுக்கும் நிகழ்ச்சி நிரல் ஒன்றுண்டு: காலையில் கோவில், மாலையில் செயல்முறை விளக்கம், இரவில் பொன்னாடை. நாங்களும் ஒருமுறை அப்படித்தான் செய்தோம். கோவிலில் அவர் சுற்றுலாப் பயணியாகவும், கோதாவில் வித்தை காட்டுபவராகவும் ஆகிப்போனாரே தவிர, இரண்டும் சேர்ந்த மனிதரை எங்கள் மாணவர்கள் பார்க்கவே இல்லை. அந்தத் தவறு இன்னொரு கூடத்தில் நிகழாதிருக்கவே இக்குறிப்புகள்.

படையும் கலையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது ஜப்பானிய மரபில் விந்தையன்று. வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645-இல் இறந்தவர். அவர் மையால் வரைந்த கீச்சான் பறவை ஓவியம் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. நீண்டு நிற்கும் காய்ந்த கிளையின் மேல் பறவை அமர்ந்திருக்க, அதை நோக்கிப் புழு ஒன்று கிளையில் ஏறிக்கொண்டிருக்கும். ஒரே வீச்சில் இழுத்த அந்தக் கிளையைக் கம்பு சுற்றியவர் எவரும் அடையாளம் கண்டுகொள்வார். இந்தியாவுக்கும் இந்த உறவு புதிதன்று. கலை அறிஞர் ஒகாகுரா காகுசோ 1901-02-இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகி, பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். தாகூரின் அழைப்பில் ஜூடோ ஆசான் தகாகாகி ஷின்சோ 1929-இல் சாந்திநிகேதனுக்கு வந்தார்.

அழைப்புக் கடிதத்திலிருந்து தொடங்குவோம். ஜப்பானிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் வரும். வெளிநாட்டில் வாழ்பவர்களிற் பலர் மேலை முறைப்படி அதைப் பின்னால் எழுதுவார்கள். எது குடும்பப் பெயர் என்று கேட்டறிந்து, அதனோடு ‘சென்செய்’ சேர்த்து அழைக்க வேண்டும். சென்செய் என்பதன் நேர்ப்பொருள் முன் பிறந்தவர் என்பதாகையால், நம் பிள்ளைகள் வாத்தியார் என்று சொல்லும் அதே மரியாதை அதில் இருக்கிறது. யாரும் தம்மைத் தாமே சென்செய் என்று சொல்லிக்கொள்வதில்லை; எனவே வரவேற்புப் பதாகையில் ‘உலகப்புகழ் கிராண்ட் மாஸ்டர்’ என்று அச்சிட்டு அவரை அதன் கீழே நிற்க வைக்க வேண்டாம். எத்தனையாவது டான், அதாவது கறுப்புப் பட்டையில் எத்தனையாவது தரம், என்று மேடையில் கேட்பதும் வேண்டாம். டான் படிநிலை ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1883 அளவில் தொடங்கி வைத்த, ஒப்பீட்டளவில் புதிய ஏற்பாடு. பழைய போர்மரபுகளில் பட்டையே கிடையாது, ஆசான் எழுதித் தரும் உரிமைச் சுருளே சான்று.

வரவேற்புரை எழுதுபவருக்கு ஒரு வேண்டுகோள். போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்று ஷாவோலினில் தற்காப்புக்கலையைக் கற்பித்தார், அதிலிருந்தே ஜப்பானியக் கலைகள் பிறந்தன என்று தொடங்குவது நம்மவர்களுக்குப் பழகிப்போயிற்று. வந்திருப்பவர் வரலாறு படித்தவர். போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. அவரைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் எழுத்துகளோ அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில் வந்தவை. விருந்தினர் மறுத்துப் பேசமாட்டார், புன்னகையோடு தலை தாழ்த்துவார். அந்தப் புன்னகையை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு மறுநாள் நாளிதழுக்குச் செய்தி கொடுத்துவிடுவோம் என்பதுதான் என் அச்சம்.

இனி, கோவில். மதுரையில் அவருக்கு எதைக் காட்டுவது என்பதைவிட எப்படிக் காட்டுவது என்பதே பெரிது. நம் வழிகாட்டிகள் சிற்பத்தின் முன் நின்றதும் கதையைத் தொடங்கிவிடுவார்கள். கதை பிறகு வரட்டும். முதலில் கால்களைப் பாருங்கள். உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது, எந்த முழங்கால் மடங்கியிருக்கிறது, குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, பாதம் எந்தத் திசையை நோக்குகிறது என்று கீழிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடுப்பு எப்போது திரும்பத் தொடங்கியது என்பதைக் கண்டபின் கைகளுக்கும் ஆயுதங்களுக்கும் செல்ல வேண்டும். முகத்தைக் கடைசியாகப் பார்க்கலாம். ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் அம்பு விடுதல் 8 படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் முதலாவது அஷிபுமி, அதாவது காலடி வைத்தல். நம் சிலம்பத்திலும் கம்பைத் தொடுமுன் காலடியைத்தான் கற்கிறோம். வில்லாளன் நிற்கும் நிலைகளான ஆலீடமும் பிரத்தியாலீடமும் நாட்டிய நூலிலும் சிற்ப நூலிலும் அதே பெயர்களோடு வருகின்றன. ஆகவே காலில் தொடங்கினால் ஆசான், சிலம்ப மாணவர், கோவில் சிற்பியான தபதி ஆகிய மூவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்ளலாம்.

இவ்வாறு பார்ப்பதற்கு மீனாட்சியம்மன் கோவில் கம்பத்தடி மண்டபத்திலுள்ள அக்கினி வீரபத்திரரையும் அகோர வீரபத்திரரையும் விடச் சிறந்தவை கிடைப்பது அரிது. பிற சமயத்தவர் எதுவரை செல்லலாம் என்பதைக் கோவில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வாசலில் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு வாதாடுவது நமக்குத்தான் இழுக்கு. கைப்பேசிக்கு உள்ளே அனுமதியில்லை என்பது ஒரு வகையில் வசதியே, ஏனெனில் மாணவர்கள் படம் எடுப்பதற்குப் பதிலாகப் பார்ப்பார்கள். குறிப்பேடும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு சிற்பத்தின் கால்களை மட்டும் வரையச் சொல்லுங்கள். கம்பத்தடி மண்டபம்வரை செல்ல இயலாவிட்டால், 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபமும், கீழைக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபமும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முதல்நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆவணியில் வருபவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆவணி மூலத் திருவிழாவின் லீலைகளுள் ஒன்று அங்கம் வெட்டியது. முதிய வாளாசானிடம் கற்ற சித்தன் என்பவன் ஆசானுக்கே போட்டியாகக் கூடம் அமைத்து, அவர் மனைவியையும் விரும்பித் தொல்லை கொடுக்க, சொக்கநாதரே அந்தக் கிழவரின் உருவில் வந்து அவனைப் போருக்கு அழைத்து அங்கம் அங்கமாக வெட்டினார் என்பது திருவிளையாடல். இறைவனே வாள்வாத்தியாராக நின்ற ஊர் இது என்பதை அவரிடம் சொல்லலாம். போதிதருமரைவிட இது நமக்கு உறுதியான சொத்து.

மறுநாள் அழகர்கோவிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களிலுள்ள நரசிம்மரைக் காட்டலாம் என்றாலும், அவரை அதிக நேரம் நிறுத்தி வைக்க வேண்டிய இடம் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதி. ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோவிலின் தெற்கு வாயிலில் 1203-இல் உன்கெய், கைகெய் முதலிய சிற்பிகள் 69 நாளில் செய்து முடித்த இரண்டு மரக் காவலர்கள் நிற்கின்றனர். உயரம் 8 மீட்டருக்கும் மேல், ஒருவர் வாய் திறந்தும் மற்றவர் வாய் மூடியும். அந்த வாய்கள் சமஸ்கிருத எழுத்து வரிசையின் முதல் ஒலியையும் கடைசி ஒலியையும் குறிப்பவை. இங்கோ காவலுக்கு உருவமே இல்லை. சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசி வணங்குகிறோம். வாயிற்காவல் சிலைகள் நிற்கும் மரபிலிருந்து வந்து, கலை வரலாறும் படித்த ஒருவர் அந்தக் கதவின் முன் என்ன சொல்வார் என்பதைக் கேட்க நம் மாணவர்கள் அருகில் இருக்க வேண்டும்.

கூடத்துக்கு வருவோம். மண்தரையைப் பெருக்கி நீர் தெளித்து வைத்தால் போதும். வெறுங்காலில் நிற்பது அவருக்கும் இயல்பே. மண்டியிட்டு வணங்கும் இடத்தில் ஒரு கோரைப்பாய் விரியுங்கள், ஜப்பானியத் தரைப்பாயான ததாமியின் மேற்பரப்பும் கோரையைப் போன்ற ஒரு தாவரத்தால் நெய்ததுதான். அவருடைய வணக்க முறை முடிந்தபின் நம் சிலம்ப வணக்கமான சலாம் வரிசையைத் தொடங்கலாம், அல்லது நாம் முதலில் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக் கொட்டும் முழக்கக் கூடாது. கீழே கிடக்கும் கம்பைத் தாண்டக்கூடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, புகைப்படக்காரரிடம் சொல்லுங்கள். விருந்தினரும் தம் கோலை யாரும் தாண்டுவதைப் பொறுக்கமாட்டார்.

கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜப்பானிய ஜோ கோல் ஏறக்குறைய 128 செ.மீ. நீளமும் 2.4 செ.மீ. தடிமனும் உடையது, கெட்டியான ஓக் மரத்தால் ஆனது. நம் மூங்கில் கம்பு அதனோடு முழு வேகத்தில் மோதினால் பிளக்கும், பிளந்த சிம்பு கண்ணில் பாயும். ஆகவே இரண்டையும் மோத விடாமல் அருகருகே செய்துகாட்டுவதே சரி. ‘யார் வெல்வார்’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார்; அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உலோக வாளைக் கொண்டுவரும்படி கேட்பதும் வேண்டாம், மரவாளே போதும்.

பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே விளக்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய வாள்மரபுகளில் இருவர் சேர்ந்து செய்யும் கட்டாவில், அதாவது முன்பே வகுத்த அசைவுத் தொடரில், தாக்குதலைத் தொடங்கி இறுதியில் வெட்டுப்படும் பக்கத்தில் நிற்பவர் மூத்தவர். வெல்லும் பக்கம் மாணவனுக்கு உரியது. மாணவனுக்குச் சரியான வேகத்தையும் தொலைவையும் கொடுத்து அவனை வளர்க்கத் தெரிந்தவர்தான் அங்கே நிற்க முடியும். இதைச் சொல்லாமல் விட்டால், ‘சிஷ்யப்பிள்ளை வாத்தியாரை அடித்துவிட்டான்’ என்று கூட்டம் விசிலடிக்கும்.

மாலை வாங்கும்போது வெள்ளைச் சாமந்தியைத் தவிர்க்க வேண்டும். ஜப்பானில் அது இறுதிச் சடங்குக்குரிய பூ. மல்லிகைக்கு மதுரையில் பஞ்சமா என்ன. காணிக்கையைப் புதிய உறையிலிட்டுத் தாம்பூலத் தட்டில் வைத்து இரு கைகளாலும் நீட்டுங்கள். அவரும் இரு கைகளால் வாங்குவார், அங்கேயே பிரித்துப் பார்க்கமாட்டார். எதையும் நான்காகக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணின் ஒலி அவர்கள் மொழியில் சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தது.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தபின் அவர் துடைப்பத்தைத் தேடக்கூடும், ஏனெனில் பயின்ற இடத்தைப் பயின்றவர்களே துப்புரவு செய்வது அவர்கள் வழக்கம். ‘ஐயோ, நீங்கள் வேண்டாம் ஐயா’ என்று பிடுங்காதீர்கள். இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எதிர் மூலையிலிருந்து பெருக்கத் தொடங்குங்கள்.