எந்த ‘ஸ்டில் இல்’ என்று முதலில் சொல்லுங்கள்: ஸ்மித்ஸ் ஆல்பங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஸ்மித்ஸின் ‘ஸ்டில் இல்’ பாட்டு எதில் தொடங்குகிறது? மவுத் ஆர்கனில் என்பார் ஒருவர். எடுத்த எடுப்பிலேயே கிதார்தான் என்று சத்தியம் செய்வார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. 1984 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தில் இருப்பது ஒரு பதிவு. 1983 செப்டம்பரில் பிபிசி வானொலியின் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிவாகி, 1984 நவம்பரில் ‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’ தொகுப்பில் சேர்ந்தது வேறொரு பதிவு. இருவரும் ஒரே பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு பதிவுகளுக்காக மல்லுக்கட்டுகிறார்கள்.

மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் குழுவைப் பற்றி ரசிகர்களிடையே நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். 1982-ல் தொடங்கி 1987-ல் முடிந்த குழு. நான்கே ஸ்டுடியோ ஆல்பங்கள், மொத்தம் 70-ஐ ஒட்டிய பாடல்கள். இத்தனை சின்னப் பட்டியலில் ஒப்பீடு சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் வெளியீட்டுக் கணக்கில் அந்த நான்கு ஆல்பங்களிலும் இருப்பவை 39 பாடல்கள் மட்டுமே. மற்றவை ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சிறு தட்டுகளான சிங்கிள்களிலும், அவற்றின் பின்பக்கங்களிலும், தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொகுப்பை ஆல்பத்தோடு மோதவிடாதீர்கள்

‘தி ஸ்மித்ஸ்’ (1984), ‘மீட் இஸ் மர்டர்’ (1985), ‘தி குவீன் இஸ் டெட்’ (1986), ‘ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்’ (1987) ஆகிய நான்கும் ஆல்பங்கள். 16 பாடல்கள் கொண்ட ‘ஹேட்ஃபுல்’, 24 பாடல்கள் கொண்ட ‘லவ்டர் தேன் பாம்ஸ்’ இரண்டும் தொகுப்புகள். ஹிட்டான சிங்கிள்களைப் பொறுக்கி அடுக்கிய தொகுப்பு, புதிதாக எழுதிப் பதிவுசெய்த பத்துப் பாடல்களைவிட ஜொலிக்கத்தான் செய்யும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல், தொகுப்புகளுக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுவதே நல்லது.

ஒரே ஒரு இடத்தில் இந்த விதியை மீறலாம். முதல் ஆல்பத்துக்கும் ‘ஹேட்ஃபுல்’லுக்கும் பொதுவான பாடல்கள் ஐந்து: ‘ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்’, ‘யூவ் காட் எவ்ரிதிங் நவ்’, ‘ஸ்டில் இல்’, ‘ஹேண்ட் இன் க்ளவ்’, ‘வாட் டிஃபரன்ஸ் டஸ் இட் மேக்’. இந்த ஐந்தை மட்டும் ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். முதல் ஆல்பத்தை முதலில் தயாரிப்பாளர் ட்ராய் டேட்டிடம் பதிவுசெய்து, அது பிடிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, ஜான் போர்ட்டரைக் கொண்டு மறுபடி செய்தார்கள். அந்த அலைச்சலின் களைப்பு காதில் விழும்: டிரம்ஸ் கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சம் தூரம். பிபிசி பதிவுகளோ ஒரே நாளில் அடித்து முடித்தவை, பிசிறு இருக்கும், ஆனால் துடிப்பு இருக்கும். ‘ஹேண்ட் இன் க்ளவ்’ பிபிசி பதிவு அல்ல. ‘ஹேட்ஃபுல்’லில் இருப்பது 1983 மே மாதச் சிங்கிள், ஆல்பத்தில் இருப்பது போர்ட்டர் மறுகலவை செய்தது. ஐந்தில் நான்கை ‘ஹேட்ஃபுல்’லுக்கே கொடுக்கலாம். ‘ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்’ மட்டும் ஆல்பத்தில்தான் அழகு, பால் கேரக்கின் கீபோர்டு அந்தப் பாட்டுக்கு ஒரு மாலை வெயிலைக் கொண்டுவருகிறது.

பாட்டுகளை எண்ணிப் பாருங்கள்

‘மீட் இஸ் மர்டர்’ பற்றிப் பேசத் தொடங்கும் முன் எதிராளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களிடம் இருப்பதில் 9 பாடல்களா, 10 பாடல்களா? பிரிட்டிஷ் எல்.பி.யில் 9. அமெரிக்க வெளியீட்டில் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ‘ஹவ் சூன் ஈஸ் நவ்’வை நுழைத்து 10 ஆக்கினார்கள். முதல் ஆல்பத்தின் அமெரிக்க வெளியீட்டிலும் இதே கதைதான், அங்கே சேர்ந்தது ‘திஸ் சார்மிங் மேன்’. குழுவின் மிகப் பிரபலமான இரண்டு பாடல்கள் கூடுதலாகச் சேர்ந்தால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? ‘மீட் இஸ் மர்டர்’ மேலா, முதல் ஆல்பம் மேலா என்ற வழக்கில் இருவரும் பிரிட்டிஷ் வரிசைக்கு ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

‘ஹவ் சூன் ஈஸ் நவ்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984 ஆகஸ்டில் அது வெளிவந்தது ‘வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்’ சிங்கிளின் 12 அங்குலத் தட்டில், பின்பக்கப் பாட்டாக. அந்த அலையலையான கிதார் ஒலி வந்த விதம் இது: குழுவின் கிதார் கலைஞர் ஜானி மார் வாசித்த கிதாரை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்ளிஃபயர்களின் வழியே அனுப்பினார்கள். நான்கிலும் ட்ரெமலோ, அதாவது சத்தத்தை ஒரே சீராகக் கூட்டிக் குறைக்கும் வசதி. சிக்கல் என்னவென்றால், ட்ரெமலோவின் வேகத்துக்கும் டேப்பில் ஓடும் டிரம்ஸ் தாளத்துக்கும் தொடர்பே கிடையாது, ஒவ்வொரு ஆம்ப்பும் தன்போக்கில் நகரும். எனவே போர்ட்டர் இரண்டு, மார் இரண்டு என்று வேகத் திருகுகளைப் பிடித்துக்கொண்டு, தாளத்தோடு ஒட்டும்வரை திருகி, விலகியதும் டேப்பை நிறுத்திப் பின்னால் ஓட்டி, சுமார் பத்துப் பத்து நொடிகளாகப் பதிவுசெய்தார்கள்.

இந்தப் பாட்டின் முழு வடிவம் ஆறரை நிமிடத்துக்கும் மேல். சுருக்கிய வடிவம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதன் சுகமே அந்த ஒலி நம்மைச் சுற்றிச் சுற்றி வந்து மூழ்கடிப்பதில்தான் இருக்கிறது. சுருக்கியதை மட்டும் கேட்டவர் “நல்ல பாட்டுதான், அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்டால் அவர்மேல் குற்றமில்லை. ‘தட் ஜோக் இஸ்ன்ட் ஃபன்னி எனிமோர்’ பாட்டுக்கும் இதே கதி. ஆல்பத்தில் பாட்டு தேய்ந்து மறைந்து, முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் திரும்பி எழும். சிங்கிளில் அந்த மறுபிறவியையே வெட்டிவிட்டார்கள்.

சார்ட் இடத்தைச் சாட்சிக்கு அழைப்பது

நான்கு ஆல்பங்களில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலான சார்ட்டில் முதலிடம் பிடித்தது ‘மீட் இஸ் மர்டர்’ மட்டுமே. 2013-ல் பிரிட்டிஷ் இசை இதழான என்எம்இ எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பம் என்று முதலிடத்தில் வைத்த ‘தி குவீன் இஸ் டெட்’ அன்றைய சார்ட்டில் இரண்டாமிடத்தோடு நின்றது. சிங்கிள்களின் கணக்கு இதைவிட வேடிக்கை. ‘திஸ் சார்மிங் மேன்’ 1983-ல் 25-வது இடம், 1992 மறுவெளியீட்டில் 8-வது இடம். ஒன்பது ஆண்டுகளில் பாட்டா மாறிவிட்டது? பலருக்கும் உயிரான ‘தேர் ஈஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்’ 1986-ல் சிங்கிளாக வரவே இல்லை, ‘பிக்மவுத் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்’ அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. குழு கலைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992-ல்தான் அது தனித் தட்டாக வந்தது. சார்ட்டை வைத்துப் பாட்டை எடைபோடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

பாட்டை வரிசையிலிருந்து பிடுங்குவது

‘தி குவீன் இஸ் டெட்’டில் மட்டமான பாட்டு எது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் அடிபடும்: ‘ஃப்ராங்க்லி, மிஸ்டர் ஷாங்க்லி’, ‘விகார் இன் எ டூட்டூ’. தனியாக எடுத்துக் கேட்டால் இரண்டும் துணுக்குகள் மாதிரிதான் இருக்கும், இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. இப்போது எல்.பி.யின் வரிசையைப் பாருங்கள். முதல் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேலான தலைப்புப் பாட்டின் இரைச்சலில் தொடங்குகிறது. அடுத்து ‘ஷாங்க்லி’ வந்து கேலி பேசி நம்மைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகிறது. அதன் பின்னால் ‘ஐ நோ இட்ஸ் ஓவர்’, ஆறு நிமிடத்தைத் தொடும் ஒப்பாரி. இரண்டாம் பக்கத்தில் ‘விகார்’ முடிந்த கையோடு வருவது ‘தேர் ஈஸ் எ லைட்’. பக்கத்துக்கு ஒன்றாக, மிகக் கனமான பாட்டுக்கு முன்னால் ஒரு கோமாளியை நிறுத்தியிருக்கிறார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் அடி விழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்த இரண்டையும் நீக்கிவிட்டு ஒருமுறை ஆல்பத்தை ஓடவிட்டால், அவை செய்துவந்த வேலை என்னவென்று புரியும்.

ஆக, ஆல்பத்தின் மதிப்பு பாடல்களின் சராசரி அல்ல. பாடல்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டி வகுப்பவர்கள் ‘குவீன்’ஐ எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஷஃபிளில் கேட்பவர்களும் அப்படித்தான்.

சத்தம், பாஸ் கிதார்

ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் காது அதைச் சத்தம் என்று உணராது, தெளிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மாரும் ஃப்ராங்க் ஆர்க்ரைட்டும் சேர்ந்து பழைய பதிவுகளின் ஒலியைச் செப்பனிட்ட 2011 ரீமாஸ்டர், 1980-களில் குழுவின் லேபிளான ரஃப் ட்ரேட் வெளியிட்ட சிடிகளைவிடச் சற்று உரக்க ஒலிக்கும். சத்தத்தைச் சமன்செய்யாமல் “ரீமாஸ்டர்தான் உயிரோட்டமா இருக்கு” என்று சொன்னால் அந்தத் தீர்ப்பைத் தந்தது வால்யூம் திருகு.

ஸ்பாட்டிஃபையில் ஆடியோ நார்மலைசேஷன் ‘ஆன்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் அது மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில் சத்தத்தை நகர்த்தும், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். பிளேலிஸ்ட்டில் போட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே சமன்செய்யும். ஆல்பங்களை ஒப்பிட முதல் வழி, பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட இரண்டாவது வழி. கணினியில் ஃபூபார்2000 என்ற பிளேயர் இருந்தால், சத்தத்தைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் ஸ்கேனைச் செய்துவிட்டு, எது எந்தப் பதிப்பு என்று காட்டாமல் ஒலிக்கவிடும் அதன் ஏ.பி.எக்ஸ் கருவியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையிலேயே காதுக்குத் தெரிகிறது என்று அர்த்தம்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு ஸ்மித்ஸைப் பற்றி முடிவு செய்யவே கூடாது. பாஸ் கிதாரின் தடித்த கம்பி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில், ஃபோன் ஸ்பீக்கரால் அந்தப் பக்கமே போக முடியாது. ஆண்டி ரூர்க் வாசித்த பாஸ் வெறும் அடித்தளமாக நில்லாமல் தனி மெட்டாகவே ஓடும். ஏழு நிமிடத்தை எட்டும் ‘பார்பரிசம் பிகின்ஸ் அட் ஹோம்’ கிட்டத்தட்ட அவருடைய பாட்டு. ஃபோனில் கேட்டால் அதில் மிஞ்சுவது சுரண்டல் சத்தம்தான். ‘மீட் இஸ் மர்டர்’ பலருக்கும் கடைசி இடத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முடிவை வைத்து ஆரம்பத்தைப் படிப்பது

‘ஸ்ட்ரேஞ்ச்வேஸ்’ஐ பிரிவின் சோகக் காவியம் என்று கொண்டாடுவோர் உண்டு, அதே காரணத்துக்காகவே ஒதுக்குவோரும் உண்டு. அந்த ஆல்பம் பாத் நகருக்கு அருகிலுள்ள வூல் ஹால் ஸ்டுடியோவில் 1987 வசந்தத்தில் பதிவானது. மார் விலகியது அதன் பிறகு, கோடையில். ஆல்பம் கடைக்கு வந்தது செப்டம்பரில். கேட்டவர்கள் பிரிவுச் செய்தியோடு கேட்டார்கள், வாசித்தவர்கள் அப்படி வாசிக்கவில்லை. மாரும் பாடகர் மோரிஸியும் பிற்காலத்தில் தங்களுக்குப் பிடித்த ஸ்மித்ஸ் ஆல்பமாகச் சொன்னது இதைத்தான்.

கூடவே ஒரு சோதனை. “ஸ்மித்ஸ் என்றாலே மாரின் கிதார்தான்” என்பவரிடம் இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘எ ரஷ் அண்ட் எ புஷ்’ஷில் எத்தனை கிதார் என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை. ‘பிக்மவுத்’தில் பின்னணி பாடும் ஆன் கோட்ஸ் என்ற பெண்மணியும் அந்தக் கிதார் மாதிரிதான், இல்லவே இல்லாதவர். அது மோரிஸியின் குரலையே சுருதி ஏற்றியது, பெயர் மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியிலிருந்து வந்த குறும்பு.

மதிப்பெண்ணைவிட ஜோடி மேல்

பத்துக்கு எட்டரையா, எட்டே முக்காலா என்று நேற்றுப் போட்ட மதிப்பெண் இன்று நிற்காது. இரண்டு பாடல்களில் எது என்று கேட்டால் மனம் சட்டென்று பதில் சொல்லிவிடும். ஆனால் 39 பாடல்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் 741 ஜோடிகள் வரும், யாருக்கும் கட்டுப்படியாகாது. பதிலாக, வரிசையை ஒவ்வொரு பாட்டாகக் கட்டுங்கள்: புதிய பாட்டை ஏற்கெனவே உள்ள பட்டியலின் நடுப்பாட்டோடு ஒப்பிட்டு, வென்றால் மேல்பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு என்று போனால், ஒரு பாட்டுக்கு அதிகபட்சம் ஆறு ஒப்பீடுகளில் இடம் கிடைத்துவிடும். ஒரே உட்காரலில் பத்துப் பாட்டுக்கு மேல் வேண்டாம், காது சலித்துப்போகும். ஒரு வாரம் கழித்து, முதல் பத்து இடங்களை மட்டும் முன்பின்னாக மாற்றிப் போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் முதலில் கேட்டதற்கும் கடைசியில் கேட்டதற்கும் மனம் சலுகை தந்துவிடும். இரண்டு பாடல்கள் அப்போதும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டையும் ஒரே எண்ணில் எழுதிவிடலாம்.