ஆயில் என்ஜினில் டீசலை மிச்சம் பிடிக்கலாம்: முதலில் ஒரு பாட்டில், அப்புறம் ஸ்பேனர்

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. எங்கள் வாய்க்கால் பாமணியாற்றுப் பாசனத்தில் கடைசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் நாற்று முற்றிவிடும். முறை வைத்து விடும் நாட்களில் வாய்க்காலில் ஓடுவதை 5 எச்.பி. டீசல் என்ஜினால் இறைத்துக் கொள்வதுதான் வழி. போன குறுவையில் டீசல் செலவு கண்ணைக் கட்டியதால் நானே கையை வைத்துப் பார்த்தேன். என்ஜினை ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அளவு பாட்டில்

எதையும் கழற்றுவதற்கு முன் இப்போது எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டும். டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பது கணக்கே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மூடியில் துளை போட்டு பைக் பெட்ரோல் டியூபைச் செருகி எம்-சீல் வைத்துவிட்டால் போதும். நடுவில் 250 மில்லி பிடிக்கும்படி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. டீசல் ஃபில்டரை விட இரண்டடி உயரத்தில் தொங்கட்டும். டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள்.

நான் முதல் நாள் முழுக்கத் தோற்றது இங்கேதான். டியூபை மாற்றியதும் லைனில் காற்று புகுந்துவிடும்; என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். நான் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். ஏர் எடுக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஃபில்டர் மேலே உள்ள ஸ்குரூவைத் தளர்த்துங்கள். நுரையாக வந்த டீசல் கம்பியாக வந்ததும் முறுக்கிவிடுங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள ஸ்குரூ, அதே மாதிரி. கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். டீசல் விட்டு விட்டுத் துப்பும். நட்டை இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினால் நாசிலில் "கர்க், கர்க்" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராமல் லிவரைக் கீழே விடாதீர்கள், வீண் உழைப்பு. நாசிலைக் கழற்றி வெளியே அடிக்கவிட்டுப் பார்ப்பவர்கள் கையை முன்னால் நீட்ட வேண்டாம். அந்த வேகத்துக்குத் தோலுக்குள் டீசல் ஏறிவிடும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் அவர் பாட்டிலில் 250 மில்லி ஒன்பதே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது என்று புலம்பினார். போய்ப் பார்த்தால், நாசிலிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் மெல்லிய டியூப் பழைய டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது! அதையும் எடுத்து பாட்டிலின் வெட்டிய வாய்க்குள் விடுங்கள். எங்கள் என்ஜினில் அது ஃபில்டருக்கே திரும்புவதால் எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீரையும் அளந்து பாருங்கள்

எங்கள் பம்ப் கொட்டும் சிமென்ட் தொட்டி ஆறடிக்கு ஆறடி. ஓரடி உயர்ந்தால் 36 கன அடி, ஏறத்தாழ 1,000 லிட்டர். போக்குவாயைக் களிமண் அடைத்த சாக்கால் மூடிவிட்டு, தண்ணீர் ஓரடி ஏற எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். எனக்கு 72 நொடி. 250 மில்லி டீசல் ஓடியது 14 நிமிடம் 24 நொடி. அதாவது கால் லிட்டருக்கு 12 அடித் தண்ணீர்.

முதல் வேலை பைப்பில்தான்

எங்கள் டெலிவரி பைப் தொட்டி விளிம்புக்கு மேல் மூன்றடி உயர்ந்து நின்று, அங்கிருந்து அருவி மாதிரி கொட்டியது. பார்க்க அழகு. ஆனால் அந்த மூன்றடியும் என்ஜின் டீசல் எரித்துத் தூக்கிய உயரம். வாய்க்கால் மட்டத்திலிருந்து மொத்த ஏற்றமே 18 அடிதான். பைப்பை அறுத்து விளிம்போடு வைத்தேன். ஏற்றம் 15 அடி ஆனது.

உடனே பாட்டிலை மாட்டினேன். 250 மில்லி 14 நிமிடத்தில் காலி! முன்பை விட 24 நொடி சீக்கிரம். அறுத்த துண்டை மறுபடி ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். அப்பாதான் தொட்டியைக் காட்டி, "என்னடா, தண்ணி சீக்கிரமா ஏறுதே" என்றார். அளந்தால் ஓரடிக்கு 60 நொடி. கால் லிட்டருக்கு 14 அடி! ஏற்றம் குறைந்தால் இந்தச் சுழல் பம்ப் அதிகத் தண்ணீரைத் தள்ளும். அதற்கு என்ஜின் சற்று அதிகம் குடிக்கும். ஆனால் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் கணக்குப் போட்டால் செலவு குறைவு. பாட்டிலை மட்டும் பார்த்திருந்தால் நல்ல வேலையைக் கெட்ட வேலை என்று முடிவு கட்டியிருப்பேன்.

உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட்வால்வையும் இதே கையோடு பாருங்கள். ஆகாயத்தாமரை வேர் சல்லடையைப் பாதி அடைத்திருக்கும். சின்னத் துளைகள் உள்ள பழைய இரும்பு வகையை விட, திறப்பு அகலமான உராய்வு குறைந்த வகை நல்லது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பரிந்துரைப்பதும் அதைத்தான். பிவிசி பைப்பையும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே பிடிக்கும். ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) வைத்திருப்பவர்களுக்கு ஃபுட்வால்வு கிடையாது, அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

என்ஜினைச் சூடாக ஓட விடுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு இது. என்ஜின் சூடாகக் கூடாது என்று கூலிங் தண்ணீர் வால்வை முழுசாகத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே வரும் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டலாம்! சிலிண்டர் சுவர் ஜில்லென்று இருந்தால் எரிந்த சூடு பிஸ்டனைத் தள்ளாமல் தண்ணீரோடு போய்விடும், ஆயிலும் கெட்டியாகவே இருக்கும்.

100 டிகிரி வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். மீன் தொட்டி வகை உதவாது. வால்வைக் கால் சுற்று மூடிப் பத்து நிமிடம் பொறுங்கள், மறுபடி கால் சுற்று. வெளியே வரும் தண்ணீரை நான் 38 டிகிரியிலிருந்து 65-க்குக் கொண்டுவந்தேன். 250 மில்லி 15 நிமிடம் 10 நொடி ஓடியது. தொட்டி ஏறும் நேரம் அதே 60 நொடி.

இதில் அவசரப்பட்டால் என்ஜின் போய்விடும். வால்வை முழுக்க மூடவே கூடாது. கொதிக்கிறது என்று பதறிச் சட்டென்று முழுசாகத் திறந்தாலும் ஹெட்டில் விரிசல் விழலாம். லோடைக் குறைத்து மெல்ல ஆறவிடுங்கள். பக்கத்து வயலில் ஒருவர் வால்வைச் சுருக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று பார்த்து வாய்க்கால் தண்ணீர் கீழே இறங்கி ஃபுட்வால்வு காற்று வாங்கியது. கூலிங் தண்ணீரும் நின்றுபோய்க் கேஸ்கெட் எரிந்துவிட்டது. சூடாக ஓட்டும் நாட்களில் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள கடலோரத்துக்காரர்கள் 60-ஐத் தாண்ட வேண்டாம், உள்ளே உப்பு படியும்.

டீசல் டியூபில் மாட்டும் காந்தம் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். ஒன்று வாங்கி மாட்டினேன். 15 நிமிடம் 10 நொடி என்பது 15 நிமிடம் 8 நொடி ஆனது. இப்போது அது ஸ்பேனர் டப்பாவில் சின்ன நட்டுகளைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த வேலைக்கு அருமை. மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். டீசல் பம்பின் எலிமென்ட்டுக்கு டீசலின் பசைதான் மசகு, அது போனால் மிச்சம் பிடித்த காசெல்லாம் மெக்கானிக்குக்குத்தான்.

கரும்புகை மட்டும் இன்னும் நிற்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழுவிப் பார்த்தாயிற்று. அடுத்த தண்ணீர் முறை வருவதற்குள் நாசிலை டெஸ்டிங்குக்குக் கொடுக்கப் போகிறேன். அதுவரை பாட்டில் ஷெட் ஆணியிலேயே தொங்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.