தீ அலாரம் அமைக்கிறீர்களா? பேனலைக் கடைசியில் வாங்குங்கள்

அலுவலகமோ கிடங்கோ தொழிற்கூடமோ, தீ அலாரம் வைப்பது என்று முடிவானதும் பேச்சு பெரும்பாலும் எந்த பேனல் (எல்லாக் கருவிகளையும் இணைத்துக் கட்டுப்படுத்தும் பெட்டி), என்ன விலை என்றுதான் தொடங்கும். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் அறை அறையாக நடக்க வேண்டும். இங்கே எது எரியும்? எரியாத நாளிலேயே இங்கே புகை, நீராவி, தூசி உண்டா? உள்ளே இருப்பவர் எந்தக் கதவு வழியாக வெளியேறுவார்? ஒவ்வொரு அறைக்கும் இந்த மூன்று பதில்களையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் மேற்புறம், கேபிள் மேலேறும் குழி, மின் அறை, படிக்கட்டுக்குக் கீழே சாமான் அடைத்த மூலை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

அடுத்த வேலை ஓர் அட்டவணை. எது தூண்டினால் எது நடக்க வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக அதில் எழுத வேண்டும். இரண்டாம் மாடியில் புகை என்றால் எந்தெந்த மாடியில் ஹூட்டர் (அலாரச் சத்தம் எழுப்பும் கருவி) ஒலிக்கும், எந்த ஏசி காற்றோட்டம் நிற்கும், லிஃப்ட் எந்தத் தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கும், எந்தக் கதவுகளின் பூட்டு விடுபடும் என்று ஒன்று விடாமல் வர வேண்டும். லிஃப்ட் வந்து நிற்கும் தளத்திலேயே புகை என்றால் அது போக வேண்டிய மாற்றுத் தளமும் அதில் இருக்கட்டும். ஏசிக்காரர், லிஃப்ட்காரர், கதவுப் பூட்டு போட்டவர், அலாரம் போடுபவர் நால்வரும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். இந்த இணைப்பு மற்றவர் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவதால்தான் அலாரம் அடித்தும் கதவு திறக்காத நிலை வருகிறது. வெளியேறும் வழியில் காந்தப் பூட்டு இருந்தால், அதன் மின்சாரம் பேனலின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நேரடி வயரில் துண்டிக்கப்பட வேண்டும். மென்பொருள் கட்டளையை மட்டும் நம்பி இதை விடக் கூடாது.

எந்த டிடெக்டர், எங்கே

அலுவலகம், நடைவழி, பதிவேட்டு அறைகளுக்கு ஒளிவழிப் புகை டிடெக்டர் பொருந்தும். மெத்தை, மின் கேபிள் போன்றவை கனன்று புகையும்போதே அது பிடித்துவிடும். சமையலறை, தூசி பறக்கும் பட்டறை, கொதிகலன் அறை ஆகியவற்றுக்கு வெப்ப டிடெக்டர்தான் சரி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸ் போன்ற நிலையான அளவைத் தொட்டால் இயங்கும். மற்றொன்று நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி என்ற வேகத்தில் வெப்பம் ஏறினாலே இயங்கும். அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பம் குபீரென்று ஏறும் இடத்தில் இரண்டாவது வகையை வைத்தால் தினமும் பொய் அலாரம்தான். நிலையான வகையைத் தேர்ந்தால், கூரையருகே எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 11 டிகிரி கூடுதலான அளவுள்ளதை எடுங்கள். புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் இரட்டை உணரிகளுக்கு விலை சற்றுக் கூடுதல். ஆனால் பொய் அலாரத் தொல்லை உள்ள இடத்தில் அந்தச் செலவு நியாயமானதே.

உயரமான கிடங்கில் புகை மேலே போகப் போகக் குளிர்ந்து, கூரையைத் தொடாமலே படர்ந்துவிடும். கூரை 10.5 மீட்டருக்கு மேல் போனால் சாதாரணப் புகை டிடெக்டரை நம்பாமல், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒளியை அனுப்பி, புகை அதை மறைப்பதை அறியும் ஒளிக்கற்றை டிடெக்டரையோ குழாய் வழியே காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் வகையையோ பாருங்கள். ஒளிக்கற்றையைத் தகரச் சுவரிலோ வெயிலில் விரியும் இரும்புச் சட்டத்திலோ பொருத்தினால், நாளுக்கு நாள் குறி விலகி ஃபால்ட் (கோளாறு) காட்டும். அசையாத கான்கிரீட்டில் பொருத்துங்கள். சர்வர் அறையில் காற்றோட்டம் புகையை நீர்க்கச் செய்துவிடும் என்பதால், உறிஞ்சு குழாயின் துளைகள் காற்று திரும்பும் கிரில்லின் முன்னால் இருப்பது நல்லது. கடைசித் துளையில் நுழைந்த புகை 120 விநாடிக்குள் உணரியை எட்ட வேண்டும்.

இடைவெளி விஷயத்தில் உங்கள் ஊர் விதியே முடிவானது. பரவலாகப் பின்பற்றப்படும் கணக்குகள் இரண்டு. அமெரிக்காவின் தீ அலார விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 72 சமதளக் கூரையில் புகை டிடெக்டர்களுக்கு இடையே சுமார் 9.1 மீட்டர், சுவரிலிருந்து அதில் பாதி என்கிறது. பிரிட்டனின் தீ அலார விதிநூலான பி.எஸ். 5839, அறையின் எந்தப் புள்ளியும் புகை டிடெக்டரிலிருந்து 7.5 மீட்டருக்குள், வெப்ப டிடெக்டர் என்றால் 5.3 மீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. ஏசி காற்று வெளிவரும் துளையிலிருந்து 1 மீட்டராவது தள்ளி வையுங்கள். கூரை உயரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கீழிறங்கும் உத்திரத்தைச் சுவராகவே எண்ணி, இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 800 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வெற்றிடம் இருந்தால் அங்கேயும் டிடெக்டர் தேவை.

பேனலும் வயரும்

இப்போது பேனல். சில அறைகளே உள்ள சிறு கடைக்கு, பகுதி பகுதியாகக் காட்டும் கன்வென்ஷனல் பேனல் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லிக் காட்டும் அட்ரஸபிள் பேனல்தான் வேண்டும். லூப் (பேனலிலிருந்து கிளம்பிக் கருவிகளைத் தொட்டுப் பேனலுக்கே திரும்பும் வயர் வளையம்) கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், தடுப்புச் சுவர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கும். லூப் போகும் வழியும் திரும்பும் வழியும் வேறு வேறாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே டிரேயில் போட்டால் ஒரே இடத்துச் சேதம் இரண்டையும் அறுத்துவிடும். ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் ஷார்ட் சர்க்யூட் ஐசொலேட்டர் வைத்தால், ஓரிடத்து ஷார்ட் முழு லூப்பையும் முடக்காது.

கன்வென்ஷனல் வயரிங்கில் மிக ஆபத்தான தவறுகள் வெளியே தெரிவதே இல்லை. வயரை நடுவிலிருந்து கிளை பிரித்தால், அந்தக் கிளை அறுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. டிடெக்டர் பேஸில் வயரை வெட்டாமல் சுற்றி மாட்டினாலும் இதே கதிதான்: திருகு கழன்று டிடெக்டர் செத்துப்போயிருக்கும், பேனலோ எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டும். உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் தனித் திருகு வேண்டும். வயர் அறுந்ததா என்று பேனல் அறிவதற்காக வரிசையின் முடிவில் வைக்கும் கடைசி ரெசிஸ்டர் உண்மையிலேயே கடைசிக் கருவியில் இருக்க வேண்டும். வேலை எளிது என்று அதைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டால் கண்காணிப்பு என்பதே இல்லாமல் போகும்.

பேட்டரிக் கணக்கை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். சாதாரண நிலையில் பேனல் அமைப்பு 0.25 ஆம்பியரும், அலாரம் அடிக்கும்போது 1.2 ஆம்பியரும் எடுப்பதாக வைப்போம். 24 மணி நேரக் காத்திருப்புக்கு 6 ஆம்பியர்-மணி, அரை மணி நேர அலாரத்துக்கு 0.6, ஆக 6.6. பேட்டரி முதுமையடைவதற்காக 1.25ஆல் பெருக்கினால் 8.25. சந்தையில் அதற்கு மேலே கிடைக்கும் அளவைத்தான் வாங்க வேண்டும், 7 ஆம்பியர்-மணி போதாது. 24 வோல்ட் பேனலில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள்.

ஹூட்டர் ஒலி 65 டெசிபெல், அல்லது சுற்றுச் சத்தத்தைவிட 5 டெசிபெல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அந்த அளவாவது இருக்க வேண்டும். சாதாரணக் கதவு சுமார் 20 டெசிபெல்லையும் தீத்தடுப்புக் கதவு சுமார் 30 டெசிபெல்லையும் விழுங்கிவிடும். அதனால் கதவுகளை மூடி, அறைக்குள் நின்றுதான் அளக்க வேண்டும். இயந்திரம் ஓடும் இடத்திலும், காது கேளாதவர் தனியாக இருக்கக்கூடிய கழிப்பறை போன்ற இடங்களிலும் மின்னும் விளக்கும் தேவை.

ஒப்படைக்கும் நாளும் அதன் பிறகும்

மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் சோதிக்க விடாதீர்கள். ஒவ்வொரு டிடெக்டருக்கும் சோதனைப் புகை அடித்து, பேனலில் வரும் இடப்பெயர் சரியா என்று ஒருவர் பேனலருகே நின்று பார்க்க வேண்டும். ‘டிவைஸ் 47’ என்று காட்டினால் இரவுக் காவலருக்கு ஒன்றும் புரியாது. ‘2ஆம் மாடி, பதிவேட்டு அறை, கதவருகே’ என்று இருக்க வேண்டும். டிடெக்டர்மேல் போட்டிருந்த தூசி மூடி கழற்றப்பட்டதா என்பதையும் இப்போதே பாருங்கள், மூடியோடு ஆண்டுக்கணக்கில் தொங்கும் டிடெக்டர்கள் உண்டு. முன்பு எழுதிய அட்டவணையை வரி வரியாக இயக்கிப் பாருங்கள். பிறகு மெயின் மின்சாரத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.

அலாரத்தை வெளியே தெரிவிக்கும் கருவிக்கு, ஒன்று கேபிள் இணையம், மற்றொன்று மொபைல் சிம் என இரண்டு வேறு பாதைகள் தேவை. கைபேசிச் செயலியில் நிலவரம் பார்ப்பது பயனுள்ளது. ஆனால் தூரத்திலிருந்து ரீசெட் செய்யும் வசதியை அணைத்து வையுங்கள், கண்ணால் பார்க்காமல் எந்த அலாரத்தையும் அடக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை ஒரு கால் பாயின்ட்டை (கையால் அழுத்தி அலாரம் எழுப்பும் சுவர்ப் பெட்டி), முறைவைத்து வேறு வேறாக, சாவி போட்டு இயக்கிப் பதிவேட்டில் எழுதுங்கள். அட்ரஸபிள் பேனல் பலவற்றில் ஒவ்வொரு டிடெக்டரிலும் எவ்வளவு தூசி சேர்ந்துள்ளது என்று பார்க்கலாம். ஆறு மாதச் சர்வீஸின்போது அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எல்லையை நெருங்குபவற்றைப் பொய் அலாரம் அடிக்கும் முன்பே சுத்தம் செய்யவோ மாற்றவோ சொல்லுங்கள். வெல்டிங், பெயின்டிங் வேலைக்காக ஒரு பகுதியை அணைக்க நேர்ந்தால், அணைத்தவர் பெயரும் மீண்டும் இயக்க வேண்டிய நேரமும் எழுதிய அட்டை பேனலிலேயே தொங்கட்டும். அதுவரை அந்தப் பகுதியைச் சுற்றி வர ஓர் ஆளையும் நியமியுங்கள்.