மேய்ச்சல் காட்டுக்குள் ஓடை இருந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காடு என்றால் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழையை நம்பிய இந்த நிலத்துக்குள் ஓடையும் போனால் அது பெரிய யோகம்தான். மழை முடிந்த பிறகும் கரையில் பச்சை இருக்கும். பக்கத்துக் கிணற்றிலும் ஊற்று கூடும். ஆனால் 'தண்ணிதான் இருக்கே' என்று மாடுகளை அதிலேயே விட்டுவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

முக்கியமாக, ஓடைக்கரை ஈரப் புல்லில் நாள் முழுக்க மேயவிடக் கூடாது. சாணத்தோடு விழும் தட்டைப்புழு முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தைக்குள் வளர்ந்து, பிறகு புல்லில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் ஈரலுக்குப் புழு போய்விடும். மாடு இளைக்கும், பால் குறையும், முற்றினால் தாடைக்குக் கீழே வீங்கித் தொங்கும். 'போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்தினேன்' என்று இருந்துவிடாதீர்கள். உருண்டைப்புழு மருந்துகள் பலவும் தட்டைப்புழுவைத் தொடாது. கால்நடை மருந்தகத்தில் சாணத்தைப் பரிசோதித்து, அதற்கென்று உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கரை. மாடுகள் கண்ட இடத்தில் இறங்கினால் கரை இடிந்து, ஓடை அகன்று, சேறாகிவிடும். சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும். சினை மாடு சிக்கினால் தூக்குவது லேசில்லை. கறவை மாடு கோடையில் நாளுக்கு 60 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். அந்தத் தண்ணீரை மேட்டில் ஒரு தொட்டி கட்டி ஏற்றிவிடுவதே நல்லது. முடியாவிட்டால் ஒரே ஒரு இறங்குதுறை வைத்து, சரளை கொட்டுங்கள். மற்ற கரையை வேலியடைத்து வெட்டிவேர், புங்கன் வையுங்கள்.

ஓடுகிற தண்ணீர் சுத்தமானது என்பதும் தப்புக் கணக்கு. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது நம் கண்முன் நடந்ததுதானே? மேலே என்ன கலக்கிறது என்று ஓடையோடு நடந்து பாருங்கள். நிறமோ வாடையோ மாறினால் அன்றைக்கு மாட்டை இறக்க வேண்டாம்.

ஓடைக்குக் குறுக்கே முள்கம்பி கட்டினால் வெள்ளத்தில் வரும் செத்தை அடைத்து, வேலியோடு கரையும் போகும். ஓடையை மண் போட்டுச் சுருக்கவும் கூடாது. பல இடங்களில் அது புறம்போக்கு. வேலி போடும் முன் புல வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிடுங்கள்.